கொழுப்பு படிந்த கல்லீரலும் டெலோமரேஸ் நொதியும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், என் மாமா தம் உடற்பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டினார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைவிட அவர் மனத்தைப் பிடித்திருந்தது, நண்பர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய விளம்பரம். டெலோமரேஸ் என்னும் நொதியைத் தூண்டிவிடும் மாத்திரை, தேய்ந்துபோன கல்லீரலை மறுபடி இளமையாக்கும் என்று அது சொன்னது. "இதை வாங்கிச் சாப்பிடலாமா மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேள்விக்குள் உண்மையான அறிவியல் ஒன்று இருந்தது. கொழுப்புக் கல்லீரல் நோயில் டெலோமரேஸுக்குப் பங்கு உண்டு. அது விளம்பரம் சொல்லும் பங்கு அன்று என்பதுதான் செய்தி. அன்று மாமாவிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால் அது கொழுப்புக் கல்லீரல். மதுவைக் காரணமாகக் கொள்ளாத வகைக்கு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் புதுப்பெயர் சூட்டின. வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது அதன் பொருள். சர்க்கரை நோய், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவை இதன் உடன்பிறப்புகள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தெற்காசிய வழிவந்த நமக்கு, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. ஆசிய உடல்களில் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்கிவிடுவதால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டதுமே மருத்துவர் எச்சரிக்கிறார். மேலைநாடுகளில் அந்த எல்லை 25.

கொழுப்பு சேர்ந்த எல்லாருடைய கல்லீரலும் கெட்டுப்போவதில்லை. பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். சிலருக்கு அழற்சி தொடங்குகிறது. அவர்களுள் சிலருக்கு அழற்சி நடந்த இடங்களில் நார்த்தழும்பு விழுகிறது. தழும்பு பெருகிப் பெருகிக் கல்லீரல் இறுகிப்போகும் நிலையைச் சிரோசிஸ் என்கிறோம். அங்கிருந்து புற்றுநோய்க்குச் செல்லும் பாதையும் இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி இருவர் கல்லீரலிலும் ஒரே அளவு கொழுப்பு இருக்கலாம். ஆனால் 20 ஆண்டுகள் கழித்து அண்ணனுக்கு எந்தத் தொல்லையும் இல்லாமலும், தம்பிக்குச் சிரோசிஸ் வந்தும் இருக்கலாம். ஏன்? சர்க்கரை நோய், மது, 2008இல் கண்டறியப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 என்னும் மரபணுவின் ஒரு மாற்றம் என்று பல விடைகள் உண்டு. அவ்விடைகளுள் ஒன்று, உயிரணு எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியும் என்ற கணக்கில் இருக்கிறது. டெலோமரேஸ் அந்தக் கணக்கோடு தொடர்புடையது.

நூல் முனையின் முடிச்சு

புடவை முந்தானையின் ஓரத்தில் நூல் பிரிந்து போகாமலிருக்கக் குஞ்சம் முடிவார்கள் அல்லவா? குரோமோசோமின் இரு முனைகளிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அதுவே டெலோமியர். மனிதரில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்து அந்த முனையை உருவாக்குகிறது. அதன்மேல் ஆறு புரதங்கள் கூடிக் காவலாக அமர்ந்துகொள்கின்றன. உயிரணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பொறிமுறையால் நுனியின் கடைசிச் சிறு துண்டைப் படியெடுக்க முடிவதில்லை. எனவே முடிச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகிறது. மிகக் குட்டையானதும் உயிரணு அந்த முனையை அறுந்த டிஎன்ஏ என்று கருதிவிடுகிறது. உடனே பி53 என்னும் புரதம் விழித்துக்கொண்டு, இனிப் பிரிய வேண்டாம் என்று தடை போடுகிறது. மனித உயிரணுக்கள் ஆய்வகத் தட்டில் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதை 1961இலேயே லெனார்ட் ஹேஃப்ளிக் கவனித்திருந்தார். அதற்கான காரணம் புரிய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

குட்டையாகும் முடிச்சை மீண்டும் நீட்டித் தருவது டெலோமரேஸ். 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, கலிஃபோர்னியாவில் எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்த கேரல் கிரெய்டர், குளத்துநீரில் வாழும் ஓர் ஒற்றையணு உயிரியில் இந்த நொதியின் செயலை முதன்முதலாகக் கண்டார். அவர்கள் இருவரும் ஜாக் சோஸ்டாக்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இந்த நொதிக்கு இரண்டு முதன்மையான உறுப்புகள் உண்டு. ஒன்று, எந்த எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று காட்டும் அச்சுப்படியான ஆர்என்ஏ. அதன் மரபணு டெர்க். மற்றொன்று, அந்த அச்சுப்படியைப் பார்த்து டிஎன்ஏவை நீட்டும் புரதம். அதன் மரபணு டெர்ட். கருவில் இந்த நொதி மும்முரமாக வேலை செய்கிறது. பிறந்தபின், குருத்தணுக்கள், விந்தணு உருவாகும் திசு, தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள் போன்ற சிலவற்றைத் தவிர, உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் டெர்ட் மரபணு அணைக்கப்பட்டுவிடுகிறது.

இது இயற்கையின் கஞ்சத்தனம் போலத் தோன்றலாம். ஆனால் எல்லையின்றிப் பிரியும் உரிமையை எல்லா உயிரணுக்களுக்கும் கொடுப்பது, அவற்றுள் வழிதவறிய ஒன்றுக்கும் அதே உரிமையைக் கொடுப்பதாகும். இந்தப் பேரத்தைப் புரிந்துகொள்ளாமல் டெலோமரேஸைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

கல்லீரலின் துளிர்ப்பும் அதன் எல்லையும்

வெட்ட வெட்டத் துளிர்க்கும் முருங்கை போன்ற உறுப்பு கல்லீரல். மூன்றில் இரண்டு பங்கை அறுத்து எடுத்தாலும் எஞ்சியது பெருகிப் பழைய எடையை எட்டிவிடும். உறவினருக்குக் கல்லீரலின் ஒரு பகுதியை ஈந்தவர் நலமாக வாழ்வது இதனால்தான். ஆனால் நலமான கல்லீரலில் உயிரணுக்கள் அவசரப்படுவதில்லை. ஓர் உயிரணு பல மாதங்கள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்துவிட்டு, அரிதாகவே பிரிகிறது. ஆகவே முடிச்சும் மெதுவாகவே தேய்கிறது.

கொழுப்பு வந்து தங்கியதும் இந்த அமைதி குலைகிறது. மிகுதியான கொழுப்பமிலங்களை எரிக்க முயலும், உயிரணுவின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்களிலிருந்து ஆக்சிஜன் சார்ந்த வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் கசிகின்றன. உயிரணுக்கள் நச்சுப்பட்டு மடிகின்றன. மடிந்தவற்றின் இடத்தை நிரப்பப் பக்கத்து உயிரணுக்கள் பிரிகின்றன. அவையும் அதே சூழலில் மடிகின்றன. இந்தச் சுழற்சி ஆண்டுக்கணக்கில் ஓடும்போது, அவசரப்படாத உறுப்பு அவசரத் தொழிற்சாலையாகிறது. இதற்கு மேல் இன்னொரு சேதமும் உண்டு. டெலோமியரின் ஆறெழுத்தில் மூன்று ஜி, அதாவது குவானின். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஆக்சிஜனேற்றத்துக்கு மிக எளிதில் இரையாவது குவானின்தான். ஆகவே ஒருமுறைகூடப் பிரியாத உயிரணுவிலும் முனைகள் சேதப்படலாம். பிரிதலால் தேய்வு, ஆக்சிஜனேற்றத்தால் அரிப்பு என்று இருபுறமும் அடி விழுகிறது. அணைந்து கிடக்கும் டெலோமரேஸால் இதைச் சரிக்கட்ட முடிவதில்லை.

நோயாளிகளின் கல்லீரல் திசுவிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று, மஞ்சள்காமாலைக் கிருமி, மது, பித்தநாள நோய் என எந்தக் காரணத்தால் வந்த சிரோசிஸ் ஆனாலும், கல்லீரல் உயிரணுக்களின் டெலோமியர் குட்டையாகவும் அவை மூப்படைந்தும் இருப்பதைக் காட்டியது. தழும்பை உருவாக்கும் அணுக்களில் இந்தக் குறுக்கம் காணப்படவில்லை. சோறாக்கிப் போடும் கைகளே களைத்துப் போயிருந்தன. 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் திசுவில் பி21 என்னும் மூப்பு அடையாளத்தை அளந்தார்கள். அது மிகுந்திருந்தவர்களுக்கே தழும்பு அதிகம். பிற்காலத்தில் கல்லீரல் தொடர்பான கேடுகள் நேர்ந்ததும் அவர்களுக்கே அதிகம்.

மூப்படைந்த உயிரணு சும்மா கிடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது சாகாமல், பிரியாமல், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைத் தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அழைப்பைக் கேட்டு நோயெதிர்ப்பு அணுக்கள் வருகின்றன. நட்சத்திர வடிவத் தழும்பணுக்கள் விழித்து நாரை நெய்யத் தொடங்குகின்றன.

கொழுப்பால் மூப்பு வருகிறது என்பது இதுவரை சொன்னது. மூப்பாலும் கொழுப்பு வரும் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த பகுதி. டெர்ட் அல்லது டெர்க் மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பல தலைமுறை வளர்த்து, அவற்றின் டெலோமியர் நன்கு குட்டையானபின், அமெரிக்காவில் ரொனால்ட் டிபின்ஹோவின் குழு அவற்றின் கல்லீரல், இதயம் முதலானவற்றை ஆராய்ந்தது. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சேதமான முனைகளால் விழித்த பி53, பிஜிசி-1 ஆல்ஃபா, பிஜிசி-1 பீட்டா என்ற இரு கட்டுப்பாட்டுப் புரதங்களை அடக்கிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாக்களைப் படைத்து வழிநடத்தும் மேலாளர்கள் அவை. அவை அடங்கினால் எரிசக்தி குறைகிறது. கொழுப்பை எரிக்கும் அடுப்பும் மங்குகிறது. 2017இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மூப்படைந்த கல்லீரல் உயிரணுக்களால் கொழுப்பமிலத்தைச் சரியாக எரிக்க முடிவதில்லை என்றும், எலிகளில் அத்தகைய உயிரணுக்களை மரபணு முறையாலோ மருந்தாலோ அகற்றியபோது கல்லீரல் கொழுப்பு குறைந்தது என்றும் அது காட்டியது. கொழுப்பு முடிச்சைத் தேய்க்கிறது, தேய்ந்த முடிச்சு கொழுப்பைச் சேர்க்கிறது. ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் இது.

டெலோமரேஸ் பிறவியிலேயே குறைந்தால்

எலிகளில் கண்டதற்கு மனிதரில் சான்று உண்டா? உண்டு. டெர்ட் அல்லது டெர்க் மரபணுவில் பிறவிக் குறையோடு பிறந்தவர்கள் சில குடும்பங்களில் இருக்கிறார்கள். ஒருவருக்கு எலும்பு மச்சை வற்றி இரத்தசோகை, அவருடைய அத்தைக்கு நுரையீரலில் தழும்பு, பெரியப்பாவுக்குக் காரணம் தெரியாத சிரோசிஸ் என்று ஒரே குறை பல முகங்களில் வெளிப்படும். தலைமுடி 30 வயதுக்கு முன்பே நரைப்பது இக்குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஓர் அடையாளம். (இளநரை நம்மிடையே சாதாரணமாகவே உண்டு, அதை மட்டும் வைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நரையோடு நுரையீரல், இரத்தம், கல்லீரல் நோய்களும் குடும்பத்தில் சேர்ந்து வரும்போதுதான் மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தியாகிறது.) அரிய குடும்ப நோயோடு இது நின்றுவிடவில்லை. 2011இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே நடந்த இரு ஆய்வுகள், மது, கிருமி போன்ற வழக்கமான காரணங்களால் சிரோசிஸ் வந்த நோயாளிகளை எடுத்துப் பார்த்தன. அவர்களிலும் சிறு விழுக்காட்டினரிடம் டெலோமரேஸ் மரபணுக் குறைகள், நலமானவர்களைவிட மிகுதியாக இருந்தன.

இதன் பொருளைச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மரபணுக் குறை தானாகவே பெரும்பாலும் கல்லீரலைக் கெடுப்பதில்லை; மதுவோ கிருமியோ கொழுப்போ அடி கொடுக்கும்போது தாங்கும் வலிமையைக் குறைத்துவிடுகிறது. முன்பு சொன்ன அண்ணன் தம்பி புதிருக்கு இது ஒரு பகுதி விடை. எல்லாருடைய முடிச்சும் ஒரே நீளத்தில் தொடங்குவதில்லை.

நலமான கல்லீரலில் டெலோமரேஸ் முற்றிலும் அணைந்துவிடவில்லை என்பதை 2018இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டீவன் அர்டாண்டியின் குழு எலிகளில் காட்டியது. கல்லீரல் உயிரணுக்களில் 3 முதல் 5 விழுக்காடு வரை டெர்ட் மரபணுவை உயர்ந்த அளவில் இயக்கிக்கொண்டிருந்தன. அவை ஓரிடத்தில் கூடியிராமல் உறுப்பு முழுவதும் தூவப்பட்டிருந்தன. மற்ற உயிரணுக்களைவிட அவை அன்றாட வளர்சிதை வேலைகளைக் குறைவாகச் செய்தன. குடும்பத்தில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பதுபோல, கல்லீரலும் ஒரு பங்கை உழைப்பிலிருந்து விலக்கிப் புதுப்பித்தலுக்காகக் காத்து வைத்திருக்கிறது. சேதம் நேரும்போது அவையே பெருகி இடத்தை நிரப்பின. அவற்றை அழித்துவிட்டு வேதிப்பொருளால் கல்லீரலைக் காயப்படுத்தியபோது தழும்பு கடுமையாகியது. கொழுப்பும் அழற்சியும் நெடுங்காலம் நீடித்தால் இந்த விதைநெல்லையும் எடுத்துச் சமைத்துவிடும் நிலைக்குக் கல்லீரல் தள்ளப்படுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் டெலோமரேஸைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? இதை 2000ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தார்கள். டெர்க் இல்லாத எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துச் சிரோசிஸை வரவழைத்து, பிறகு நச்சுநீக்கிய வைரஸ் ஒன்றின் வழியே டெர்க் மரபணுவைக் கல்லீரலுக்குள் அனுப்பினார்கள். தழும்பு குறைந்தது, கல்லீரலின் செயல்பாடும் மேம்பட்டது. விளம்பரம் எழுதுபவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்த எலிகள் பிறவியிலேயே டெலோமரேஸ் இல்லாதவை. இல்லாததை ஈடுசெய்ததால் பயன் கிடைத்தது. மேலும் எலியின் டெலோமியர் மனிதருடையதைவிடப் பல மடங்கு நீளமானது. அதன் பல திசுக்களில் டெலோமரேஸ் இயல்பாகவே இயங்குகிறது. டெர்க் நீக்கப்பட்ட முதல் தலைமுறை எலிக்குக் குறிப்பிடத்தக்க குறையே தெரியாது. பல தலைமுறைகள் கழிந்தால்தான் தெரியும். எலியில் கிடைத்த விடையை மனிதருக்கு அப்படியே மாற்றிப் போட முடியாததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அணைந்த விளக்கை ஏற்றிக்கொள்ளும் புற்று

இனி மறுபக்கம். கல்லீரல் உயிரணுவில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் டெலோமரேஸ் மீண்டும் இயங்கிக்கொண்டிருக்கிறது. எப்படி? டெர்ட் மரபணுவுக்கு முன்னால் அதன் விசைப்பலகை போன்ற முகப்புப் பகுதி உண்டு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். ஜிஏபிபி என்ற புரதம் வந்து உட்காரப் புதிய இருக்கை ஒன்று உருவாகிவிடுகிறது, அணைந்திருந்த மரபணு இயங்கத் தொடங்குகிறது. 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆராய்ந்த கல்லீரல் புற்றுக்கட்டிகளில் 59 விழுக்காட்டில் இம்மாற்றம் இருந்தது. அடுத்த ஆண்டு அதே குழு, சிரோசிஸ் கல்லீரலில் தோன்றும் திசுத் திரளைகளைப் படிப்படியாகப் பார்த்தது. சற்றே பிறழ்ந்த திரளைகளில் 6 விழுக்காடு, மிகவும் பிறழ்ந்தவற்றில் 19 விழுக்காடு, தொடக்கநிலைப் புற்றில் 61 விழுக்காடு. புற்று முற்றியபின் சேரும் மாற்றம் அன்று இது. புற்றாக மாறும் வாசற்படியிலேயே நிகழ்கிறது.

இதைத் தேய்ந்த முடிச்சுகளின் கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுப்படம் தெரிகிறது. முடிச்சு தேய்ந்து, பி53 தடை போட்டு, உயிரணுக்கள் நின்றுவிட்டன. அவற்றுள் சில அந்தத் தடையைச் சிதைத்துக்கொண்டு பிரிகின்றன. காவலற்ற குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அறுந்து, மரபணுக் குழப்பம் பெருகுகிறது. அத்தகைய உயிரணுக்களில் பெரும்பாலானவை செத்துவிடும். ஒரே ஒன்று டெலோமரேஸை ஏற்றிக்கொண்டுவிட்டால், குழப்பத்தோடேயே சாகாவரமும் பெற்றுவிடுகிறது. எலிகளிலும் குட்டையான டெலோமியர் கல்லீரல் புற்றின் தொடக்கத்தை ஊக்குவித்தது. ஆனால் டெலோமரேஸ் இல்லாததால் கட்டி முற்றி வளர முடியவில்லை என்று 2003இல் டிபின்ஹோ குழு எழுதியது. ஆக, டெலோமரேஸ் இல்லாமை புற்றுக்கு நிலத்தை உழுகிறது; டெலோமரேஸ் திரும்புதல் அதற்கு நீர் பாய்ச்சுகிறது.

இந்தப் பகுதியில் நம் சிங்கப்பூர்த் தீவின் பங்கு பெருமைப்படத்தக்கது. ஆசியாவில் டெர்ட்டை எழுப்பும் இன்னொரு கை, ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி. அது தன் டிஎன்ஏவை நம் குரோமோசோமுக்குள் செருகும்போது, டெர்ட்டுக்கு அருகில் செருகிக்கொண்ட கட்டிகள் மீண்டும் மீண்டும் தென்படுவதைச் சிங்கப்பூர் அறிவியலாளர்களும் பங்கேற்ற 2012ஆம் ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது. சிங்கப்பூர் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கிருமிக்கு எதிரான தடுப்பூசியைப் போட்டு வருவதால், அதற்குப் பின் பிறந்த தலைமுறைக்கு அந்தக் கதவு பெரிதும் சாத்தப்பட்டுவிட்டது. கொழுப்புக் கல்லீரல் என்ற கதவுக்குத் தடுப்பூசி இல்லை. அதே 2012இல், இங்குள்ள மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்தில் வினய் தெர்காங்கரின் குழு, டெலோமரேஸ் முடிச்சை நீட்டுவதோடு நில்லாமல், என்எஃப்-கப்பாபி என்னும் அழற்சிக் கட்டுப்பாட்டுப் புரதத்தோடு கைகோத்து ஐஎல்-6 போன்ற அழற்சி மரபணுக்களையும் தூண்டுகிறது என்று காட்டியது. 2016இல் அக்குழு, முகப்பில் ஏற்படும் ஓரெழுத்து மாற்றம் வெகு தொலைவிலுள்ள டிஎன்ஏ பகுதியை வளைத்து இழுத்து டெர்ட்டை இயக்குவதையும் விளக்கியது. அழற்சியில் வெந்துகொண்டிருக்கும் கல்லீரலில் அழற்சியையே தூண்டக்கூடிய ஒரு பொருளைக் கண்மூடித்தனமாக ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்று இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

மாத்திரை, இரத்தப் பரிசோதனை, மற்றவை

விளம்பரத்துக்கு வருவோம். டெலோமரேஸைத் தூண்டுவதாக விற்கப்படும் மூலிகைச் சாறுகளுள் எதுவும் கொழுப்புக் கல்லீரல் நோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டதன்று. சிங்கப்பூரில் துணைச்சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. கடை அடுக்கில் இருக்கிறது என்பதால் பயன் சோதிக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவ உலகில் டெலோமியரை நீட்டியதாக உண்மையிலேயே பதிவான ஒன்று டனசோல் என்னும் ஆண்தன்மை ஹார்மோன் வகை மருந்து. பிறவி டெலோமியர் நோயுள்ள சிலரிடம் நடந்த அந்தச் சோதனை 2016இல் வெளிவந்தது. அம்மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று கல்லீரல் பாதிப்பு. எதிர்த்திசையில், டெலோமரேஸைத் தடுக்கும் இமெட்டெல்ஸ்டாட் என்னும் மருந்தை ஒருவகை இரத்த நோய்க்காக அமெரிக்கா 2024இல் ஏற்றது. ஒரே நொதிக்கு, ஒரு நோயில் தூண்டுதலும் மற்றொரு நோயில் தடையும் மருந்தாகின்றன.

மூப்படைந்த உயிரணுக்களை அகற்றும் மருந்துகள் பற்றியும் நம்பிக்கையோடு பேசப்படுகிறது. இங்கும் அவசரம் கூடாது. தழும்பணுக்கள் மூப்படைவது நல்லது. அவை நார் நெய்வதை நிறுத்துவதால் தழும்பு கட்டுப்படுகிறது என்று 2008இலேயே எலிகளில் தெரியவந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், வயதான எலிகளின் கல்லீரல் நுண்குழாய்ச் சுவரிலுள்ள மூப்பணுக்களை அகற்றியபோது, காலியான இடத்தில் நார்த்தழும்பு விழுந்தது. மூத்தோர் எல்லாரும் வீட்டுக்குச் சுமை அல்லர் என்பது உயிரணுக்களுக்கும் பொருந்துகிறது.

இரத்தத்தில் டெலோமியர் நீளத்தை அளந்து தருவதாகச் சொல்லும் கட்டணப் பரிசோதனைகளும் உள்ளன. அவை அளப்பது வெள்ளையணுக்களின் டெலோமியரை; கல்லீரலுடையதை அன்று. வெள்ளையணு டெலோமியரைப் பற்றி இங்கு நடந்த பெரிய ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. 23,000க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்த மரபணு ஆய்வு 2019இல் வெளிவந்தது. நீண்ட டெலோமியர் உள்ளவர்கள் சுவாச நோய்களால் இறப்பது குறைவு என்றது. அதே மக்கள்தொகைத் திட்டத்தின் மற்றோர் ஆய்வில், நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று தெரிந்தது. நீளம் என்பது நலத்தின் அளவுகோல் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

உடற்பயிற்சி வெள்ளையணுக்களின் டெலோமரேஸ் செயலை உயர்த்துவதாக 2019இல் ஒரு ஜெர்மானிய ஆய்வு கூறியது. ஓட்டமும் இடைவெளிப் பயிற்சியும் உயர்த்தின, பளு தூக்குதல் உயர்த்தவில்லை. கல்லீரலுக்குப் பயிற்சி தரும் நன்மை இந்த வழியாகத்தான் வருகிறது என்று சொல்ல மாட்டேன். உறுதியாகத் தெரிந்த வழி வேறு: கொழுப்பு குறைந்தால் உயிரணுச் சாவு குறையும், சாவு குறைந்தால் அவசரப் பிரிதல் குறையும், முடிச்சுக்கு வேலை குறையும். உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் அழற்சி தணிந்ததும், 10 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பேகூடப் பின்வாங்கியதும் கியூபாவில் நடந்து 2015இல் வெளியான திசு ஆய்வில் பதிவாகியுள்ளன. அழற்சி கண்ட கொழுப்புக் கல்லீரலுக்கு அமெரிக்காவில் 2024இல் ரெஸ்மெடிரோமும், 2025இல் செமக்ளுடைடும் ஏற்கப்பட்டன. அவ்விரு மருந்துகளும் டெலோமரேஸைத் தொடுவதில்லை. கொழுப்பின் வரவையும் எரிதலையும் மாற்றுகின்றன.

மாமாவோடு அமர்ந்து அறிக்கையில் இருந்த எண்களை எடுத்தோம். டெலோமியர் அளவு அதில் இல்லை, தேவையும் இல்லை. தழும்பு இருக்கிறதா என்று தோராயமாகச் சொல்லும் ஃபிப்-4 என்ற கணக்குக்கு நான்கே எண்கள் போதும். அவருக்கு வயது 61, கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 38, ஏஎல்டி 49, இரத்தத் தட்டணு 210. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணு எண்ணையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் 1.58 வந்தது. 1.3க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 2.67க்கு மேல் என்றால் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஒலியலைப் பரிசோதனை அடுத்த படி. பலதுறை மருந்தகத்தில் அந்த எண்ணைக் காட்டியதும் மருத்துவர் அதற்கு எழுதிக் கொடுத்தார். அளவீடு 6.1 கிலோபாஸ்கல், 8க்குக் கீழே என்பதால் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்குள் ஆறு கிலோ குறைப்பதாக மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார், காலைக் காப்பியில் கெட்டிப்பாலை நிறுத்திவிட்டுக் கறுப்புக் காப்பிக்கு மாறியதும் அதில் அடக்கம்.